இரண்டு மூடி மருந்து

அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று பேப்பரில் போட்டிருந்ததை அப்பா சத்தமாகப் படித்துக் காட்டினார். அதுவரை பாட்டில் தீருகிறவரைக்கும் குடிப்பவர் அவர். வழக்கமாகச் சண்டைக்கு நிற்கும் அம்மா அன்று, “அளவுன்னா எவ்ளோ?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் என் இருமல் டானிக்கின் பிளாஸ்டிக் மூடியைக் கழுவி எடுத்து வந்தாள்.

அன்றிலிருந்து ராத்திரிக்கு இரண்டு மூடி. பெரிய பாட்டில் அம்மாவின் பீரோவில், சாவி அவள் இடுப்பில். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்க, அன்றன்றைய பங்கைச் சாயங்காலமே பழைய டானிக் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைப்பாள். பேப்பரைப் படித்துக் காட்டியவரே அவர்தான் என்பதால் இன்னொரு மூடி கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. என்னிடம் அதை அப்பாவின் நெஞ்சு மருந்து என்று சொல்லியிருந்தார்கள். எட்டு வயதில் நான் எதையும் நம்புவேன்.

கரையான்சாவடியில் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டில் ஒரு தையல்கார பாய் இருந்தார். என் பொம்மைகளுக்கெல்லாம் அவர் கடை வெட்டுத்துணிதான். அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு சாயங்காலம் வீடு திரும்பினார். அப்பா ஒருநாள் மருந்து குடிக்காவிட்டால் குடி முழுகிப் போகாது என்று நானே முடிவு செய்து, டானிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கூடம் நிறைய அவர் சொந்தக்காரர்கள். “பாய் மாமா, இது நெஞ்சுக்கு நல்லது, எங்கப்பா தினமும் குடிக்கிறாரு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாயம்மா திறந்து முகர்ந்துவிட்டு முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டாள். அவள் தம்பி பாட்டிலை வாங்கிப் பார்த்து, “இன்னா பாய், பிராந்தி குட்த்து அனுப்சிகிறாங்க” என்றான். யாரோ சிரித்தார்கள்.

“சும்மா இர்டா” என்று பாய் அவனை அடக்கினார். “கொயந்த எனக்கோசரம் எட்துகினு வந்துகீது. எனக்கு டாக்டரு வேற மருந்து குட்த்துகிறாரு கண்ணு. இத்த பத்திரமா ஊட்டுக்கு எட்துகினு போ.”

படியேறும்போது காதெல்லாம் எரிந்தது. நடந்ததை வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அதன்பிறகு வெட்டுத்துணி கேட்டு நான் போகவே இல்லை. மறுநாள் பாயம்மாவைப் படியில் கண்ட அப்பா, வராத போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே இறங்கினார். இன்று நினைத்தாலும் அவருக்காகவும் எனக்காகவும் கூசுகிறது.

பாயம்மாவைக் கண்ட அன்று ராத்திரியே அப்பா பீரோவைத் திறக்கச் சொல்லி, இருந்ததையெல்லாம் தொட்டியில் கொட்டினார். மூடியைக் குப்பைக்கூடையில் எறிந்தார். “இனிமே இந்த வீட்ல ஒரு சொட்டு இருக்காது” என்றார். விட்டது சனியன் என்று நான் சாமி படத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு சொட்டும் இருந்ததில்லை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், மெயின்ரோட்டுப் பிராந்திக் கடை சாத்திய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கினார்.

அம்மா அந்த மூடியைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவி, பழைய இடத்திலேயே வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுதாள். பாய் வீட்டில் போன மானத்துக்குத்தான் அழுகிறாள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.