மொதத் தண்ணி கெழக்கால

எம் பேரன் கடலோரத்துல ஒரு கம்பெனியில வேல செய்யிறான். போட்டுக்கு இஞ்சினு மாட்டுற வேல. சும்மா இஞ்சினு இல்ல, ஏரோப்ளான்ல இருக்குமே, அந்த ஜாதி. டர்பைனுன்னு சொல்றான். போன வாரம் போன்ல காட்டினான். கிரேன்ல தொங்க வுட்டு, நாலு பேரு கையில உறை மாட்டிக்கினு, பச்சக் கொழந்தையத் தொட்டில்ல போடுற மாதிரி எறக்குறாங்க. அது சுத்துற வேகத்துக்கு நேரா மாட்டினா எல்லாம் பிச்சிக்கினு போயிடுமாம். நடுவுல பல்சக்கரப் பொட்டி ஒண்ணு வெச்சி வேகத்த அடக்கணுமாம். உங்கம்மா வாய்க்கு அதுல ஒண்ணு கெடைக்குமாடான்னு கேட்டேன். போன வெச்சிட்டான்.

அப்புறம் அவனே கூப்ட்டான். அந்த இஞ்சினு அடித் தண்ணிய உறிஞ்சி பின்னால பீச்சி அடிக்குமாம். தண்ணி பின்னால போவப் போவ போட்டு முன்னால பறக்குமாம். இத எங்க மாமன் எனக்கு ஒம்போது வயசு இருக்கும்போதே செஞ்சி காட்டிட்டாருடான்னேன். பொய்யின்னு சிரிக்கிறான். நான் எவ்ளவோ பொய் சொல்லிக்கீறேன், அதெல்லாம் நம்பினான். இத நம்பல.

மாமன்னா எங்கம்மாவுக்குத் தம்பி. போளூர்ல பம்புசெட்டு ரிப்பேரு ஷெட்டுல நாலு வருஷம் இருந்துட்டு, மலைக்குத் திரும்பி வந்தாரு. வரும்போது இடுப்புல ஒரு ஸ்பேனரு. கல்யாணத்துக்குப் போனாலும் அது இடுப்புலதான். மலையில அப்ப மொத்தமே அங்கொண்ணும் இங்கொண்ணுமாதான் இஞ்சினு. எங்க நைனா ஒண்ணு வாங்கி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சி. எங்க ஊரு ஏரிக்குக் கெழக்குக் கரையில. அந்தாண்ட மேக்குக் கரை ஊருல ஒருத்தரு வூட்டுல ஒண்ணு இருந்துச்சி. அந்த இஞ்சினு மாதிரி அடிக்கடி கெட்டுப்போன இஞ்சினு ஒலகத்துலயே இல்ல. வாரத்துக்கு ஒரு தரம் மாமன் தலைக்கு எண்ண தடவிக்கினு ரிப்பேருக்குப் போவாரு. அந்த வூட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சி. அத நான் சொல்லணுமா.

பொண்ணுக்கு அப்பாவுக்கு வெவரம் தெரிஞ்சி போச்சி. அவரு கத்தல, அடிக்கல. எங்க நைனா எதுர்லயே மாமனப் பாத்துக் கேட்டாரு.

“மழ நாள்ல ஏரி ரொம்பிச்சின்னா அந்தாண்ட இருந்து இந்தாண்ட வர ஒரு பொழுது ஆவுது. எம் பொண்ணு ஆத்தா வூட்டுக்கு வரணும்னா இன்னா பண்ணுவா? உன் ஸ்பேனர் மேல ஏறி வருவாளா?”

மாமனுக்கு ரோசம் வந்துடுச்சி. “ஏரியில இஞ்சினு வெச்சி தெப்பம் வுடுறேங்க”ன்னுட்டாரு.

“வுடு. ஒரு மூட்ட உப்பு ஏத்து. கழி போட்டுத் தள்ளக் கூடாது, ஆளு நீஞ்சி இழுக்கக் கூடாது. இஞ்சினுலயே வா. உப்பு நனையாம வந்தா பொண்ணு. நனைஞ்சா இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்கக் கூடாது. தைக்கு நெல்லிவாசல் பக்கத்துல இருந்து ஒரு எடம் வருது, பாத்துக்க.”

தைக்கு ஒரு மாசங்கூட இல்ல. மாமன் சோறு தண்ணி மறந்தாரு. ரோடு போட்டவங்க வுட்டுட்டுப் போன தார் டின்னு ஆறு கொண்டாந்தாரு. அதும்மேல மூங்கிய வெச்சிக் கட்டினாரு. மேல பலவ பத்தல. சுத்தி முத்திப் பாத்தாரு. எங்க வூட்டுக் கதவக் கழட்டிட்டாரு. மூணு நாளு எங்க வூட்டுல நாங்க ஒரு பக்கம் படுத்தோம், ஆடு ஒரு பக்கம் படுத்துச்சி. ஆடு எங்களவிட ஒழுங்காப் படுத்துச்சின்னு எங்கம்மா சொல்லும்.

அப்புறம் எங்க நைனாவோட இஞ்சினு. அதத் தரமாட்டேன்னு மொதல்ல ஒத்தக் கால்ல நின்னாரு. ஏரியில வுழுந்துட்டா கேவுரு நெலத்துக்கு நான் வாயாலயா தண்ணி எறைப்பேன்னு கேட்டாரு. எங்கம்மா ஒரு நாளு பூரா பேசாம இருந்துச்சி. வாய் ஓயாத பொம்பள பேசலன்னா ஆம்பளைக்குப் பயம் வந்துடும். குடுத்துட்டாரு. எட்டு பேரு மூங்கியில கட்டித் தூக்கி வந்தாங்க. நடு தெப்பத்துல இஞ்சினு, வடக்கு ஓரமா பம்பு. பம்புல இருந்து ஒரு பைப்பு ஏரிக்குள்ள எறங்கி உறிஞ்சும். இன்னொரு பைப்பு வெளிய நீட்டிக்கினு இருக்கும், அதும் நுனியில ஒரு வளைவு. தண்ணி பீச்சிறது அந்த வளைவுல. எந்தப் பக்கம் வேணாலும் திருப்பி முடுக்கிக்கலாம்.

பம்பு பாரத்துல தெப்பம் வடக்கால சாஞ்சிச்சி. அதுக்கு எதுரா தெக்கு ஓரத்துல உப்பு மூட்டைய வெச்சாங்க. அப்பவும் பத்தல. மாமன் என்னப் பாத்தாரு. நான் அப்ப நல்லா கொழுகொழுன்னு இருப்பேன். இப்பதான் இப்படி எளைச்சிட்டேன், சிரிக்காதீங்க. லாரி டியூபு ஒண்ண என் இடுப்புல மாட்டி, உப்பு மூட்ட மேல உக்கார வெச்சாங்க.

வளைவ மாமன் மேக்கால பாத்துத் திருப்பி வெச்சிருந்தாரு. அதாவது பொண்ணு வூட்ட பாத்து. ஏன்னு ஒருத்தர் கேட்டதுக்கு சிரிச்சாரு.

“மாடு முன்னால நின்னாதான வண்டி போவும்? தண்ணிதான் நம்ம மாடு. அது முன்னால ஓடும், தெப்பம் பின்னாலயே போவும்.”

எல்லாரும் தலைய ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். எங்க நைனா கூட ஆட்டினாரு. போளூரு ஷெட்டுல இருந்தவரு சொன்னா சரியாதான இருக்கும்.

கரையில பூச நடந்துச்சி. தார் டின்னுக்குக் கீழ எலுமிச்சம்பழம், இஞ்சினுக்கு விபூதி, பொட்டு. பம்புல சாணித் தண்ணி கரைச்சி ஊத்தினாங்க, காத்து போவாம இருக்கிறதுக்கு. மாமன் இஞ்சின சுத்தி முடுக்குற ஆண்டிலக் கையில எடுத்துட்டாரு. அந்தாண்ட கரையில பொண்ணுக்கு அப்பா, அவங்க ஊரு சனம், எல்லாம் எறும்பு மாதிரி தெரியுது. அப்பதான் எங்கம்மா இடுப்புல கொடத்தோட வந்துச்சி. வந்து பைப்பப் பாத்துச்சி. மாமனப் பாத்துச்சி. மறுபடி பைப்பப் பாத்துச்சி.

“இன்னாடா இது? மொதத் தண்ணி மேக்கால வுழுவுது?”

“ஆமாக்கா. அங்கதான போவணும்.”

“போறது இருக்கட்டும்டா. புதுசா ஒரு எடத்துல இஞ்சின வெச்சா, மொதத் தண்ணி கெழக்கால பாத்துதான் வுழணும். மேக்கால வுட்டா ஆவாது. பாட்டன் காலத்துல இருந்து வழக்கம்.”

எங்க நைனா சும்மா இல்லாம, “இஞ்சினு வந்தே ரெண்டு வருஷம்தான் ஆவுது. பாட்டன் எங்கேந்து வந்தாரு?”ன்னு கேட்டாரு.

“பாட்டன் ஏத்தம் எறைக்கலயா? ஏத்தத்துத் தண்ணி தண்ணி இல்லியா?”

அங்க ஊருல மூத்தவரு ஒருத்தரு, தொண்ணூறு வயசு இருக்கும், தடிய ஊனிக்கினு நின்னாரு. அவரு தொண்டையக் கனைச்சிக்கினு, “ஆமாமா, இருக்குது. எங்க அப்பா சொல்லக் கேட்டுக்கீறேன். கெழக்காலதான்”ன்னாரு. அப்புறம் ஆளாளுக்கு ஞாபகம் வந்துடுச்சி. ஒருத்தருக்கு ஆத்தா சொன்னதாம், ஒருத்தருக்கு மாமியா சொன்னதாம்.

மாமன் அழாத கொறை. “அக்கா, கெழக்கால வெச்சா தெப்பம் நம்ம கரையிலயே முட்டிக்கினு நிக்கும்க்கா. அந்தாண்ட எல்லாம் பாத்துக்கினு கீறாங்க. எம் மானம் போயிடும்.”

“செத்த நேரம்தாண்டா. மொதத் தண்ணி வுழுந்ததும் நீயே திருப்பிக்க. உன் கல்யாணத்துல சாமி குத்தம் வேணாம்.”

கல்யாணம்னதும் மாமன் மடங்கிட்டாரு. திட்டிக்கினே ஸ்பேனர எடுத்து, வளைவக் கெழக்கால பாத்துத் திருப்பினாரு. பூச பண்ணின கூட்டத்தப் பாத்து, அந்த மூத்தவரு மூஞ்சிக்கு நேரா. திருப்பிட்டு ஸ்பேனரப் பக்கத்துலயே வெச்சிக்கினாரு, ஒடனே மாத்தணுமே. ரெண்டு பேரு தெப்பத்த ஆழத்துக்குத் தள்ளி வுட்டுட்டு வெலகினாங்க. மாமன் ஆண்டிலப் போட்டு நாலு சுத்து சுத்தினாரு. இஞ்சினு இருமுச்சி, கரும்புகைய வுட்டுச்சி, டுப்பு டுப்புன்னு புடிச்சிக்கிச்சி.

தண்ணி பீச்சிக்கினு வந்துச்சி பாருங்க. கற்பூரத் தட்டு ஒரு பக்கம், மூத்தவரு தடி ஒரு பக்கம். அவரு மேல சாணித் தண்ணி. வழக்கம் தெரிஞ்சவருக்கு மொத மரியாத.

மாமன் ஸ்பேனர எடுக்கக் குனிஞ்சாரு. நிமுந்து பாக்குறாரு, கரை தள்ளிப் போவுது. கரை எங்கயும் போவல, நாங்கதான் போறோம். மேக்கால. மாமன் கையில ஸ்பேனரு அப்படியே நிக்குது. வாயி தொறந்துக்கினு கீது. வளைவப் பாக்குறாரு, அந்தாண்ட கரையப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. நான் இன்னா பண்ணினேன்னு கேக்குற மாதிரி பாக்குறாரு.

பறந்தோம்னு மாமன் சொல்லுவாரு. மாடு நடக்குற வேகம்தான். தண்ணி ஒரு ஓரமா பீச்சிறதால தெப்பம் நேரா போவல. சாராயம் குடிச்சவன் வூட்டுக்குப் போற மாதிரி கோணிக்கினு கோணிக்கினு போச்சி. மாமன் ஒரு பலவையத் தண்ணியில வெச்சி, பல்லக் கடிச்சிக்கினு இழுத்துப் புடிச்சி நேராக்கினாரு. நடு ஏரியில அல ஒண்ணு ஏறி வந்துச்சி. நான் டியூபக் கழட்டி மூட்டைக்கு அண்ட குடுத்து, அதும்மேல குப்புறப் படுத்துக்கினேன். முதுகு நனைஞ்சிது. உப்பு நனையல. இத மாமன் எந்தக் காலத்துலயும் எங்கயும் சொன்னதில்ல.

அந்தக் கரை கிட்ட வந்துச்சி. வந்துக்கினே இருந்துச்சி. இஞ்சின நிறுத்துற நெனப்பே மாமனுக்கு இல்ல. எங்க பாத்துக்கினு இருந்தாருன்னு நான் சொல்லணுமா. தெப்பம் போயி சேத்துல ஒரு முட்டு முட்டுச்சி. மூட்ட கரையில வுழுந்துச்சி, பொண்ணுக்கு அப்பா கால் கிட்ட. நான் சேத்துல வுழுந்தேன். அந்தப் பொண்ணு முட்டிக்கால் தண்ணியில எறங்கி வந்து என்னத் தூக்கிச்சி, மூஞ்சிய மாராப்பால தொடைச்சிச்சி. சிரிப்ப அடக்க முடியாம அதும் ஒடம்பே குலுங்குது.

பொண்ணுக்கு அப்பா மூட்டையப் பிரிச்சாரு. அடிவரைக்கும் கைய வுட்டாரு. ஒரு கல் உப்ப எடுத்து வாயில போட்டுப் பாத்தாரு, அது உப்புதானான்னு சந்தேகம் போல.

“காஞ்சிதான் கீது”ன்னாரு. அப்புறம் இன்னும் டுப்பு டுப்புன்னு கரையோட மல்லுக்கட்டிக்கினு இருந்த தெப்பத்தப் பாத்து, “இத நிறுத்தத் தெரியாதா உனக்கு?”ன்னு கேட்டாரு.

“வர்றதுதாங்க பேச்சு. நிக்கிறது பேச்சுல இல்லீங்களே.”

அந்த ஒரு பேச்சுக்கே பொண்ண குடுத்தாருன்னு எங்க அத்த இப்பவும் சொல்லும். ஆமா, அந்தப் பொண்ணுதான் எங்க அத்த.

தை கல்யாணம் முடிஞ்சி மாமனப் புடிக்க முடியல. ஜமுனாமரத்தூரு சந்தையில நின்னு கத சொல்லுவாரு. மொத வருஷம், அக்கா வழக்கம் சொல்லிச்சி, சாமி காப்பாத்திச்சின்னு சொன்னாரு. மறு வருஷம் சாமி கழண்டுச்சி. அதுக்கு அடுத்த வருஷம் அக்காவும் கழண்டுச்சி. அப்புறம், நான் கணக்குப் போட்டு கெழக்கால திருப்பினேன்னே சொல்ல ஆரம்பிச்சாரு. எங்கம்மா பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினே புளிக்கு கொட்ட எடுக்கும். ஒரு வாட்டி கூட மறுத்துப் பேசினதில்ல.

நான் கல்யாணமாயி கீழ போளூர் பக்கம் வந்தேன். என் மாமியா வூட்டுல கெணத்துக்குப் புதுசா இஞ்சினு வெச்சாங்க. பூசைக்கு நான் பெரிய மனுஷியாட்டம் முன்னால போயி, மொதத் தண்ணி கெழக்கால வுழணும்னேன். எல்லாரும் என்னப் பாத்தாங்க. அப்படி ஒரு வழக்கத்த அங்க ஒருத்தரும் கேள்விப்பட்டதில்ல. மலைக்கு வந்து கேட்டேன். எங்க ஊருல வயசானவங்களக் கேட்டேன். அங்கயும் இல்ல. மாமன் கல்யாணத்துக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல.

அந்த வருஷந்தான் மொளகாச் செடிக்கு நான் ரப்பர் பைப்பப் புடிச்சி தண்ணி பாய்ச்சினேன். இஞ்சின் கிட்ட ஆம்பளைங்க நிப்பாங்க, பைப்பு வாயில பொம்பளைங்கதான் நிப்போம். எங்க ஊருலயும் அப்படித்தான். இஞ்சின முடுக்கினாங்க. தண்ணி முன்னால போச்சி, பைப்பு என் வயித்துல ஒரு குத்து குத்தி என்னப் பின்னால தள்ளுச்சி. பொத்துன்னு சேத்துல உக்காந்தேன். உக்காந்தவ எழுந்திருக்கல. அங்கயே சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். என் மாமியா பயந்து போயி, மலையில இருந்து ஏதோ கூட வந்துடுச்சின்னு வேப்பல ஒடைக்க ஓடிச்சி. எங்கம்மா, நைனா இஞ்சினு வாங்கினதுல இருந்து ரெண்டு வருஷமா, இதே மாதிரிப் பைப்போட தெனம் மல்லுக்கட்டினவ.

அன்னிக்கு தெப்பத்துல இருந்து திரும்பிப் பாத்தேன். எங்க ஊரு சனம் மொத்தமும் கரையோரமா கத்திக்கினு ஓடுது. நைனா துண்டச் சுத்துறாரு. எங்கம்மா மட்டும் கொடத்துல தண்ணிய மொண்டு இடுப்புல வெச்சிக்கினு, முதுகக் காட்டிக்கினு வூட்டுப் பக்கம் நடந்து போவுது. ஒரு தரம் கூடத் திரும்பல. பெத்த பொண்ணு நடு ஏரியில போறா, தம்பி மானம் ஊசலாடுது, இவளுக்குக் களி கிண்டறது பெருசாப் போச்சான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சி. ரெண்டு நாளு அம்மாவோட பேசல.

இன்னாத்துக்கு பேசலன்னு அம்மாவும் கேக்கல. தெப்பம் போயி சேருமா சேராதான்னு நாங்க எல்லாம் பாத்துக்கினு இருந்தோம். அம்மாவுக்குப் பாக்க ஒண்ணும் இல்லன்னு ஒம்போது வயசுல எனக்கு எப்படித் தெரியும்.