பாயசத்துக்கு முன் எழுந்தவர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து, அதற்குப் பிறகு என் கையில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் ஏழு, இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரையும் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு ஊதிக்கொண்டு அழ விட்டதில்லை என்பதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. பெயரை எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அடுப்பில் சுக்கும் சீரகமும் போட்டு வெந்நீர் கொதிக்கிறது. காரமாக மூக்கில் ஏறுகிற அந்த வாசனை வந்தால் போதும், எனக்கு ஒன்பது வயதாகிவிடும், அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றுவிடுவார்.

எங்கள் ஊர் தோவாளைப் பக்கம், நாலு புறமும் வயல். அப்பா வயலில் இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்வார், வந்து இரண்டு ஆள் சோற்றையும் தனியாகச் சாப்பிடுவார். கடைசியில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். அரைமணி நேரத்தில் வயிறு மத்தளமாகிவிடும். வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, "பொருமுது, பொருமுது" என்று நடு வீட்டில் நெளிவார். ஏப்பம் வருகிறவரை அவரிடம் யாரும் பேசக்கூடாது. வந்துவிட்டால் அன்றைக்கு என்ன கேட்டாலும் கிடைக்கும். அதனால் நான் பக்கத்திலேயே காத்திருப்பேன்.

அந்த வருஷம் பங்குனியில் அம்மா அவரை மார்த்தாண்டத்துக்கு அந்தப்புறம் இருந்த ஒரு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என்ன சாப்பிடுகிறீர் என்று கேட்காமல் எப்படிச் சாப்பிடுகிறீர் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கஷாயம் ஒன்றும் தரவில்லை. "மருந்து பொறவு பாக்கலாம், மொதல்ல சீலத்தை மாத்தும்" என்றார். "சீலம்" என்றால் எங்கள் பக்கத்தில் பழக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு துண்டு இஞ்சியை இந்துப்பில் தொட்டு மெல்ல வேண்டும். பச்சைத் தண்ணீரைக் குடிக்காமல் சுக்குச் சீரக வெந்நீரை வாய் நனைகிற அளவு குடிக்க வேண்டும். பயறு, கடலை எல்லாம் முந்தின நாளே ஊறப்போட்டு, பெருங்காயமும் பூண்டும் சேர்த்து வேகவைக்க வேண்டும். பேசிக்கொண்டு சாப்பிடக் கூடாது. வயிற்றில் கால் பங்கைக் காற்றுக்கு விட்டு, போதும் என்று வயிறு சொன்ன நிமிஷம் எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் படுக்காமல் நூறு அடி, பைய, வயிறு குலுங்காமல் நடக்க வேண்டும்.

மற்றதெல்லாம் அப்பாவுக்கு வந்துவிட்டது, நூறு அடிதான் வரவில்லை. பத்து அடி வைப்பார், மாட்டுக்கு வைக்கோல் போட்டாச்சா என்று கேட்பார், எண்ணிக்கை போய்விடும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். இப்படி ஒரு நாள் முந்நூறு அடி நடந்துவிட்டு, வைத்தியர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்றார். அன்றிலிருந்து எண்ணுகிற வேலை எனக்கு. இரண்டாம் வகுப்பில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். அப்பா எழுந்தால் நானும் எழுவேன், அவர் நடந்தால் நான் பின்னால் எண்ணிக்கொண்டு போவேன். மூன்று மாதத்தில் பொருமல் பாதி இறங்கிவிட்டது. அதைவிட, அந்தப் பழக்கம் எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் ஏறிவிட்டது.

அப்போதுதான் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. தங்கம்மை அக்காவுக்குப் பத்தொன்பது வயது, அந்தக் காலத்தில் அது அதிகம். ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில், இன்னொன்று எதில் என்று யாரும் சொல்லவில்லை. இது அருமனையிலிருந்து வந்த இடம், மாப்பிள்ளை வாத்தியார். அவர் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று அக்கா தண்ணீர் இறைத்துக்கொண்டே பாடினாள். அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

ஆனி மாதத்தில் எங்களை வீடு பார்க்க வரச் சொன்னார்கள். அந்த நாளில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்து எழுந்தால் சம்பந்தம் உறுதி. பாயசம் வருவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா எழுந்துவிட்டால், உங்கள் வீட்டு இனிப்பு எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒருவரும் சண்டை போட மாட்டார்கள். எழுந்தாரா, முடிந்தது. அப்பா, அம்மா, மாமா, மாமி என்று நாலு பேர். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் போகக் கூடாது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது அம்மா என் காதைப் பிடித்து, "அங்க வந்து அப்பாக்க வயத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்பிடாது, கேட்டியா. சீக்குக்காரக் குடும்பம்ணு ஒதுக்கிருவாவ" என்றாள். அக்கா எனக்குச் சடை போட்டுவிட்டாள். பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான், "அப்பாவைப் பாத்துக்கோ மக்கா" என்றாள்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கியபோதே பழுத்த சக்கை வாசனை எங்களை வந்து கூட்டிக்கொண்டு போயிற்று. பலாப்பழத்தை நாங்கள் "சக்கை" என்றுதான் சொல்வோம். அந்த வீட்டில் எல்லாவற்றிலும் சக்கை. ஆண்கள் பந்தியில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் எனக்கும் இலை போட்டார்கள். சக்கை எரிசேரி, சக்கைக் கொட்டை போட்ட அவியல், கடலைக் கூட்டுக்கறி, வன்பயற்றுத் துவரன் என்று "விளம்பி"க்கொண்டே, அதாவது பரிமாறிக்கொண்டே, வந்தார்கள். வாயுவை விருந்துக்கு அழைக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இலை போட முடியாது. அப்பா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இஞ்சிக்கறியை எடுத்து முதலில் நக்கினார். பருப்பும் சாம்பாரும் நன்றாகவே இறங்கின. உள்ளே அந்த வீட்டுப் பாயசமான சக்கைப் பிரதமன் உருளியை இறக்குகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் அப்பா எழுந்துவிட்டார்.

வேண்டுமென்று எழவில்லை. வயிறு போதும் என்று சொன்னது, மூன்று மாதப் பழக்கத்தில் கால் தானாக எழுந்துவிட்டது. நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு முறை எழுந்த இலையில் திரும்ப உட்கார முடியாது. பந்தி முழுக்கக் கை சோற்றில் நின்றுபோயிற்று. பிரதமன் வாளியோடு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அப்பா பதறிப்போய் வெளியே போய்க் கை கழுவினார். கழுவியவர் நிற்கவில்லை, முற்றத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் என்ன செய்தேன்? என் இலையை விட்டு எழுந்து அவர் பின்னால் போய், ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஆறடி ஆள். முகம் கறுத்து முற்றத்தில் இறங்கி வந்தார். மாமா பின்னாலேயே ஓடி வந்து, அத்தானுக்குக் காலில் பிடிப்பு, வேறொன்றுமில்லை என்று சமாளித்தார்.

"காலு பிடிச்ச ஆளா இந்த நடை நடக்காரு?" என்றார் அவர்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். நின்றால் பேச வேண்டியிருக்கும் என்று பயம். பெரியவர் என்னிடம் குனிந்தார்.

"பிள்ளே, ஒனக்க அப்பனுக்கு எங்க மேல என்ன வருத்தம்? உள்ளதைச் சொல்லு."

அடுக்களை வாசலில் அம்மா நின்று, வாயைத் திறந்தால் தோலை உரிப்பேன் என்று கண்ணால் சொன்னாள். சொன்னால் நாங்கள் சீக்குக்காரக் குடும்பம், சொல்லாவிட்டால் இனிப்பை மறுத்தவர்கள். இரண்டிலும் அக்கா வீட்டோடு இருந்துவிடுவாள். அவள் கிணற்றடியில் பாடியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"வருத்தம் இல்லே. வாயு" என்றேன். "வைத்தியர் நூறு அடி நடக்கச் சொல்லியிருக்காவ. இப்ப நாப்பத்தேழு."

பெரியவர் அப்பாவைப் பார்த்தார், தன் வீட்டு அடுக்களை வாசலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எந்த வைத்தியரு?"

அப்பா நடந்துகொண்டே சொன்னார். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பாவோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

"எனக்கும் உண்டும்வே, இருவது வருசமா. வெளிய தெரிஞ்சா பயலுக்குப் பொண்ணு தரமாட்டாவன்னு வீட்டுக்காரி எனக்க வாயைக் கட்டிப்போட்டிருக்கா. பிள்ளே, எனக்கும் சேத்து எண்ணு."

அவர் நடுவில் சேர்ந்ததால் அவருக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் அப்பா, ஒரு கையில் அவர். அடுக்களை வாசலில் என் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது என் அம்மாதான். நூறு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வெண்கலக் கிண்ணத்தில் ஒரே ஒரு கரண்டி பிரதமன் கொண்டு வந்தாள். இதை உட்கார்ந்து குடித்தாலும் சரி, நின்று குடித்தாலும் சரி, குடித்தால் போதும் என்றாள். அப்பா முற்றத்தில் நின்றபடியே குடித்தார். பந்தியில் இருந்தவர்கள் அதைப் பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைத்தார்கள்.

எனக்குப் புது இலை போட்டு, யார் யாரோ வந்து பிரதமன் ஊற்றினார்கள். நான் மூன்று முறை வாங்கினேன். திரும்பி வருகிற பஸ்ஸில் வயிறு ஊதி அழுதது நான் மட்டும்தான்.

அக்கா வீட்டு வாசலிலேயே காத்து நின்றாள். "ஒனக்க மாமனாருக்கும் வாயுதான் அக்கா" என்றேன். அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு சம்பந்திகள் இரண்டு பேரும் எங்கே கூடினாலும் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே நடப்பார்கள். அவர்கள் ரகசியம் பேசுகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

என் பிள்ளைகளுக்கும் நான் இதைத்தான் செய்தேன். வெந்நீர், இஞ்சி, காயம் போட்ட மோர், வயிற்றில் கொஞ்சம் இடம், சாப்பிட்டபின் கொஞ்சம் நடை. இதெல்லாம் சாதாரணப் பொருமலுக்குத்தான். வலி விடாமல் இருந்தாலும், உடம்பு மெலிந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும், நானும் போயிருக்கிறேன்.

இப்போது கல்யாண மண்டபத்தில் நாம் சாப்பிடும்போதே அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறான். பாயசம் காகிதக் கப்பில் முதலிலேயே வந்துவிடுகிறது. சில இடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு எல்லோரும் நடந்துகொண்டே சாப்பிடுகிறார்கள், யார் எப்போது எழுந்தார், எதற்கு எழுந்தார் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அருமனை வீட்டையும் இடித்து மாடியாகக் கட்டிவிட்டார்கள்; முற்றம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

அக்காவுக்கு எண்பத்தெட்டு. தன் மாமனார் வயிற்று விஷயத்தை இன்றுவரை அவள் வெளியே சொன்னதில்லை; நான் எழுதியே வைத்துவிட்டேன். திட்டுவாள், திட்டட்டும். எழுதினது போதும் பிள்ளே, ஒனக்க பெரியாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வையி மக்கா. இப்ப மொதல்ல இருந்து பைய வாசி, ரெண்டு பேரும் கேக்கோம்.