சதுரத்தின் விடுபட்ட மூலை

பிரெஞ்சு பேசும் எங்கள் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில், இடையில் படிப்பை விட்ட பெரியவர்களுக்கு நான் கணிதம் படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் அல்ஜீரியப் பெண் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தையல் தொழிற்சாலையில் வேலை. முன்வரிசையில் இருப்பார், வாய் திறக்கமாட்டார்.

ஒருநாள் அட்சரகணிதம், அதாவது அல்ஜீப்ரா, பிறந்த கதையைச் சொன்னேன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் ஒருவர் எக்ஸ், வை எதுவுமின்றி, சமன்பாடுகளை வெறும் வசனங்களில் எழுதினார், சதுரம் கீறி விடை கண்டார் என்று விளக்கினேன். அன்று என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

அடுத்து ஒரு பயிற்சித் தேர்வு. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் ஆறு மடங்கைக் கூட்டினால் ஐம்பத்தைந்து. அந்த நேர் எண் எது? அந்தப் பெண்ணின் தாளில் சமன்பாடே இல்லை. ஒரு சதுரம், அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் நீண்ட பட்டிகள், கீழே பிழைகள் மலிந்த பிரெஞ்சில் நாலைந்து வரிகள். நான் வாசிக்கவில்லை. பூச்சியம் போட்டேன். வகுப்பில் தாளை உயர்த்திப் பிடித்து, "இது தையல் வகுப்பில்லை, மேடம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் புள்ளிகளைப் பதியத் தாள்களை எடுத்தேன். அவருடைய தாளின் அடியில் ஐந்து என்று இருந்தது. சரியான விடை. அப்போதுதான் அந்த வரிகளை வாசித்தேன். ஆறை இரண்டாகப் பிரித்து, மூன்று அகலத்தில் இரு பட்டிகளைச் சதுரத்தோடு ஒட்டியிருக்கிறார். ஒரு மூலை வெறுமையாக இருக்கிறது. அதற்கு ஒன்பது வேண்டும். ஐம்பத்தைந்தும் ஒன்பதும் அறுபத்து நாலு. பெரிய சதுரத்தின் பக்கம் எட்டு. மூன்றைக் கழித்தால் ஐந்து. அக்காடி நிலையத்தில் இறங்க மறந்துபோனேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அவவிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வேணும். எல்லாருக்கும் முன்னால கேளும்," என்றார். ஓம் என்றேன்.

ஆனால் மறுவாரம் அவரை நடைவழியில் தனியாகத்தான் மறித்தேன். புள்ளியைத் திருத்திவிட்டதாகச் சொல்லி, இந்த முறையை யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்களிட்டத்தான், மேடம். நீங்கள் சொன்ன அந்த ஆளைப்போல செய்து பார்த்தேன்," என்றார். பிறகு, "வகுப்பிலும் சொல்வீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொல்கிறேன் என்றேன். அன்று நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். அடுத்த கிழமை புதிய பாடம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அதைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பருவம் முடிந்தது.

அவர் இறுதித் தேர்வில் சித்தியடைந்தார். பேரீச்சம்பழ இனிப்போடு வந்து, எல்லோர் முன்னிலையிலும் என் இரு கைகளையும் பிடித்து, நல்ல ஆசிரியை என்றார். வகுப்பு கைதட்டியது. அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.