செர்ரி மரத்துக்கு ஐஸ்

மகனுக்கு நேற்றுக் காய்ச்சல். நெற்றியில் ஐஸ் வைக்கலாமா, கூடாதா என்று தயங்கித் தயங்கி வைத்தபோது, போத்தனூரில் சின்னம்மா வீட்டு வாசலில் நின்ற மரம் நினைவில் வந்தது.

அப்போது எனக்கு ஆறு வயதிருக்கும். சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நீலகிரியிலிருந்து அவர் கொண்டுவந்த காட்டுச் செர்ரிக் கன்று, கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. அப்படியொரு மரம் அந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. பட்டை செம்பு போல மினுங்கும். குறுக்கே கோடு கோடாகி, காகிதச் சுருளாக உரியும். இலைக்காம்பில் கடுகளவு இரண்டு முடிச்சுகள். அவற்றில் கசியும் தேனுக்கு எறும்புகள் ஏறும். இலையைக் கசக்கினால் கசப்பு வாதுமை வாசம். மலையில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்த கிளை முழுக்க ரோஜா நிறத்தில் பூக்குமாம். இங்கே ஒரு மொக்குகூட இல்லை.

சின்னம்மாவுக்குக் குழந்தையும் இல்லை.

"தை பொறக்கறதுக்குள்ள பூக்கோணும். இல்லீன்னா வெட்டிப்போட வேண்டீதுதான். அன்னூருல பொண்ணு தயாரா இருக்குது," என்பார் அவளுடைய மாமியார். மரத்தை வெட்டுவதற்குப் பெண் எதற்கு என்று நான் யோசிப்பேன்.

"மரத்து மேல குத்தமில்லீங்கத்தை. அதுக்குக் குளுரு பத்தல," என்றாள் சின்னம்மா. இப்படித்தான் சொன்னாளா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

ஸ்டேஷனில் மலையாளத்து மீன்கூடைகளிலிருந்து கொட்டும் ஐஸை அந்தி நேரத்தில் வாளியில் வாங்கிவருவோம். வேரைச் சுற்றிக் கொட்டியதும் வெள்ளையாக ஆவி எழும். மரம் மேகத்தில் நிற்பதுபோலிருக்கும்.

"மரத்துக்கு மீன்கொழம்பு ஊத்தறா பாரு!" என்று மாமியார் சிரிப்பார்.

"பூத்துரும் கண்ணு," என்பாள் சின்னம்மா என் காதில்.

மார்கழிக் கடைசியில் இலையெல்லாம் உதிர்ந்தது. "பூக்கப்போகுது சின்னம்மா!" என்று கைதட்டினேன். அவள் ஒரு கிளையை வளைத்தாள். சடக்கென ஒடிந்தது; உள்ளே பச்சையே இல்லை. மீன் ஐஸில் உப்புக் கலந்திருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தையில் அன்னூரில் சித்தப்பாவுக்கு மறுபடியும் கல்யாணம். எனக்கு ஜிலேபி கிடைத்தது. மேளம் உச்சத்துக்குப் போனபோது, பக்கத்திலிருந்த சின்னம்மா என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. இன்றைக்கும் மரத்துக்கு ஐஸ் சுமந்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.