சைரன் மாப்பிள்ளையின் நாலாவது ஆல்பம்

எங்கள் ராக் குழுவின் பாடகனை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் நாய் குரைக்கும். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். என் தங்கையைக் கட்டியவன். நான் டிரம்ஸ். மூன்று ஆல்பம் போட்டோம். மூன்றிலும் யுத்தம், நெருப்பு, அரசாங்கம். நாங்கள் கெட்டிக்காரர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கள் வேலைமுறை இதுதான். முதலில் மெட்டு. அதற்கு மாப்பிள்ளை வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுவான்: கிரீஸ் டப்பா, மூன்றாம் மாடி, பல்லைத் தேய் என்று. டம்மி வரிகள் என்போம். பதிவைத் தங்கைக்கு அனுப்புவேன். அவள் கேட்டுத் தாளில் எழுதித் தருவாள். எந்த அடி நீளம், எந்த அடி குட்டை என்று அதைப் பார்த்துத்தான் நிஜ வரிகளை எழுதுவான். அந்த டம்மியை எழுதும்போது தங்கை வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் முன்பு. இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து, ஒரு மணி நேரத்தில் போய்விட்டான். மாப்பிள்ளை பிரசவ அறை வாசலிலேயே நின்றான், உள்ளே போகவே இல்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு குழந்தை என்ற பேச்சையே எடுக்கவில்லை. சரியான கல்நெஞ்சன் என்று நானே மனதுக்குள் திட்டியிருக்கிறேன். தங்கை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் வெளியூர் மாற்றல் கேட்டுவிட்டாள். அதுவும் கிடைத்துவிட்டது; போகச் சம்மதம் என்று திங்கட்கிழமை கடிதம் கொடுக்க வேண்டும்.

“நான் மட்டும்தாண்ணா போறேன். சுவத்தோட எத்தனை நாள் குடும்பம் நடத்துறது?” என்றாள்.

அந்த வாரம்தான் புது மெட்டு. டயர் கடை மாடியில் எங்கள் அறை. ஜன்னலை மெத்தையால் அடைத்திருப்போம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாடினான். கத்தவே இல்லை. தொண்டை சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். நான் என்றைக்கு வார்த்தையைக் கேட்டேன்? தாளம் இடறாமல் இருந்தால் சரி. அவன் முகம் கழுவப் போன நேரத்தில், வழக்கம்போல் பதிவைத் தங்கைக்குத் தட்டிவிட்டேன்.

“மச்சான், அதை அனுப்பிடாத,” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

“அனுப்பியாச்சே.”

“அடப்பாவி! அது டம்மி இல்லடா!”

அப்போதுதான் போட்டுக் கேட்டேன். முழுக்கப் பையனைப் பற்றி. தொட்டிலுக்காக விட்டத்தில் அவன் அடித்த கொக்கி இன்னும் அங்கேயே இருக்கிறதாம். ‘கண் திறக்காமலே போனாய், நான் தூக்காமலே நின்றேன்’ என்று ஒரு அடி. நான் அழுதுவிட்டேன். டிரம்ஸ் அடிப்பவனுக்கு மட்டும் அழுகை வராதா என்ன?

“இந்த ஆல்பத்துல பத்துப் பாட்டும் இப்படித்தான் மச்சான். கத்தினதெல்லாம் போதும். எனக்கு இது வரும், நல்லாவே வரும். ஆனா அவகிட்ட முதல்ல நேர்ல சொல்லணும்னு நெனச்சேன்.”

“ரெண்டு வருஷமாவா நெனச்சே?”

அவன் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தபோதே தங்கை படியேறி வந்துவிட்டாள். அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். கையில் எழுதிய தாள். நான் நழுவப் பார்த்தேன்.

“நீ இருண்ணா,” என்றாள். பிறகு அவனிடம், “ஒரு வரி தப்பு. அவன் கண்ணத் திறந்தான்.”

“என்னது?”

“உங்கள மாதிரியே முழிச்சான். நீங்க கேக்கவே இல்ல. நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்தான். “இன்னும் சொல்லு,” என்றான்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லி முடிக்க அவளுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

“திங்கக்கிழமை சம்மதம்னே எழுதிக் குடு,” என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நானும் வர்றேன். அந்த ஊர்ல மட்டும் லிஃப்ட் ரிப்பேர் ஆகாதா?”

“அப்ப ஆல்பம்?” என்று நான் அலறினேன்.

“முடிச்சிட்டுத்தான்டா கிளம்புவேன்.” எழுந்து மைக் முன்னால் போய் நின்றான். ‘கண் திறந்தாய்’ என்று மாற்றிப் பாடினான்.

“ரெண்டு தடவை திறந்தான்,” என்றாள் தங்கை.

அதையும் சேர்த்துப் பாடினான்.