நாலாம் லேனில் உயர்ந்த கை

சிட்னியில் ஓட்டப் போட்டிகளுக்குத் தொடக்க நடுவராகப் போவது என் வார இறுதிப் பழக்கம். துவக்கு வெடிக்க முன்னம் யார் முதலில் அசைந்தாலும் வெளியேற்ற வேண்டும். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அன்று நாலாம் லேனில் ஒரு ஜப்பான்காரர். பல நாடுகளில் ஓடிப் பேர் எடுத்தவர், வயது போய்க்கொண்டிருந்தது. இங்கே குறைந்த நேரத்தில் ஓடி முடிக்காவிட்டால் தன் நாட்டு அணியில் இனி இடமில்லை என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். பக்கத்து லேனில், இங்கே சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் வளர்ந்த எங்கட தமிழ்ப் பெடியன்.

ஆயத்தமாகச் சொல்லி நான் "செட்" என்றதும் பெடியனின் தோள் ஆடியதைக் கண்டேன். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, சிவப்பு அட்டையோடு அவனிடம் நடந்தேன். அவன் முகம் வெளிறிவிட்டது. அப்போது ஜப்பான்காரர் கையை உயர்த்தினார். தான்தான் முதலில் அசைந்தாராம், அதைப் பார்த்துத்தான் பெடியன் ஆடினானாம்.

வேறு எவரும் அதைக் கண்டிருக்கவில்லை. பேசாமல் நின்றிருக்கலாமே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அட்டையை அவருக்கே காட்டினேன். லேனைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

மறுபடி ஓடியபோது பெடியன் வென்றான். "அந்தாளுக்கு விசரா, அன்ரி?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

"நீயெண்டால் கை தூக்கியிருப்பியோ?" என்றேன்.

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். நல்லவேளை, அதையே திருப்பி என்னிடம் கேட்கவில்லை.