'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லிதான். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, மேலிருந்து கம்பியில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அது யார் முகத்துக்காகவும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயாது. இவரும் அப்படித்தான். ஒரு தடவை மேனேஜர், "என் பேச்சு எப்படிய்யா இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டார். "இருபது நிமிஷம் அதிகமா இருந்தது சார்" என்றார் இவர். அதோடு மேனேஜர் இவரிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டார்.

அதெல்லாம் போகட்டும். பெரிய வம்பு இரண்டு சொற்களால் வந்தது. நம் பேச்சில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு யாரும் கிளம்பக்கூடாது இல்லையா? இனி உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று கத்திவிட்டுக் கிளம்புகிறவன்கூட, வாசலில் பழக்கதோஷத்தில் 'வரேன்' என்றுதான் சொல்லுவான். இவர் மட்டும், திரும்பி வருவதாக இருந்தால் 'வரேன்' என்பார், வருவதாக இல்லையென்றால் 'போறேன்' என்பார். கல்யாண வீட்டில், புதுவீட்டில், பிரசவ வார்டில், எல்லா இடத்திலும் பளிச்சென்று 'போறேன்'. பின்னாலேயே அவர் மனைவி, "வரோங்க, வரோம், அவர் சும்மா விளையாட்டுக்குச் சொல்றார்" என்று இருபத்துநாலு வருஷமாக பூசி மெழுகிக்கொண்டே வருகிறாள்.

மெழுகவே முடியாத இடமும் ஒன்று உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இவர் போய்ப் பார்த்துவிட்டு, "போறேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்ற அக்கா காதில் அந்த ஒரு சொல் விழுந்தது. மூன்றாம் நாள் அத்தான் போய்விட்டார். "என் தம்பியே வாய் வெச்சுட்டானே!" என்று கூட்டத்துக்கு நடுவில் தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்த ஒரே ரத்த உறவு அவள்தான். அவள் இல்லாத ஆறு வருஷமும் அவருக்கு வலித்தது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத்தான் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பல் டாக்டரிடம் காத்திருந்த மனைவி ஒரு பத்திரிகையைப் புரட்டினாள். பெரியவர்களுக்கும் ஆட்டிசம் இருக்கலாம், பல பேருக்கு அது ஐம்பது வயதில்தான் தெரியவருகிறது என்று எழுதியிருந்தது. படிக்கப் படிக்க அவளுக்குப் பல்வலியே மறந்துவிட்டது. பத்திரிகையைக் கேட்டு வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

"என்னங்க, இது உங்களைப் பத்தியே எழுதியிருக்கு."

அவர் இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தார். "என் பேரே இல்லையே."

"இதுதாங்க! இதையேதான் எழுதியிருக்கு!" என்று கத்தினாள் அவள்.

அப்படித்தான் ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஓர் உளவியல் நிபுணரின் அறைக்குப் போய்ச் சேர்ந்தார். நாலாவது மாடி. நாற்காலியில் உட்காரும் முன்பே, "உங்க லிஃப்ட் இந்த மாடியில ஒரு விரக்கடை கீழ நிக்குது. யாராவது தடுக்கி விழுவாங்க" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டார். லிஃப்டைச் சரிபண்ணத்தான் எழுதிக்கொள்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார், பாவம்.

பெரிய மெஷினுக்குள் தலையை விடுவார்கள், ரத்தம் எடுப்பார்கள் என்று பயந்துபோயிருந்தார். அப்படி ஒன்றுமே இல்லை. பேச்சு, பேச்சு, பேச்சு. அதற்கு மெஷினே தேவலை. முதல் வாரம் கட்டுக் காகிதம் கொடுத்து, எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லவே இல்லை என்று டிக் போடச் சொன்னார்கள். 'கூட்டமான இடங்களில் சங்கடப்படுவீர்களா?' என்ற கேள்விக்கு, எவ்வளவு பேர் இருந்தால் கூட்டம், உட்கார்ந்திருப்பார்களா நிற்பார்களா என்று தனித்தாளில் எழுதி இணைத்தார். கேள்வித்தாள் ஆறு பக்கம், இணைத்தது ஒன்பது பக்கம். மனைவிக்கும் தனியாக ஒரு தாள் கொடுத்தார்கள். அவள் பத்தே நிமிஷத்தில் 'எப்போதும், எப்போதும், எப்போதும்' என்று போட்டுக்கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகத்தை நீட்டி, கதையாகச் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. ஒரு பூனை மரத்தில் ஏறுகிறது, மரத்தில் ஓர் ஏணி சாத்தியிருக்கிறது, கீழே ஒரு பெண் அழுகிறாள். இவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏணி சரியான கோணத்துல சாத்தல" என்றார்.

"அந்தப் பொண்ணு என்ன நினைக்கிறா?"

"அவ எங்கிட்ட எதுவும் சொல்லலையே மேடம்."

கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார். "நான் பாஸா, ஃபெயிலா?"

"இதுல பாஸ் ஃபெயில் இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு டெஸ்ட்னு பேரு வெச்சீங்க?"

நியாயமான கேள்விதான். டாக்டரம்மா வேறொன்று கேட்டார். "சின்ன வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு சொல்ல யாராவது வேணும். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க?"

இவர் ஜன்னலைப் பார்த்தார். மனைவி இவரைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அவளே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அவனுக்கு என்னம்மா வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டாளாம் அக்கா. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மூன்றாவது வாரம் சொன்ன நேரத்துக்கு நாலாவது மாடியில் லிஃப்ட் திறந்தது. விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்த அக்கா, அந்த விரக்கடையில் தடுக்கி நேரே தம்பியின் தோளில் வந்து விழுந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை, "மூணு வாரமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்பது. அக்கா தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு மறுபடி விறைத்துக்கொண்டாள்.

"அவரை வெளியில உக்காரச் சொல்லட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"எதுக்கு? முதுகுக்குப் பின்னாடி பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. இருக்கட்டும்."

எப்போது பேச ஆரம்பித்தான், யாரோடு விளையாடினான் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா முதலில் அளந்து அளந்துதான் பேசினாள். பிறகு மடை திறந்துகொண்டது.

"அஞ்சு வயசு இருக்கும் மேடம். எங்கம்மாவோட ஒரு வீட்டுக்குப் போனோம். கிளம்புறப்ப அந்த வீட்டம்மா, 'போயிட்டு வா கண்ணு'ன்னாங்க. இவன் கேட் வரைக்கும் போனான், திரும்பி உள்ள வந்துட்டான். மறுபடி, 'சரி, போயிட்டு வா'ன்னாங்க. மறுபடி போனான், வந்தான். பத்து தடவை!"

"நாலு தடவை" என்றார் தம்பி.

"நீ சும்மா இருடா. கடைசியில எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டு, 'டேய், வரமாட்டேன்னா போறேன்னு சொல்லித் தொலைடா'ன்னாங்க. அன்னிலேர்ந்து இவன்..."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டவள் போல, அக்கா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஏண்டா அப்படிச் சொன்ன?"

"மறுநாள் வெளியூர்ல வேலை. பத்து நாள். வரமுடியாது."

"அதுக்கு?"

"வரேன்னு சொன்னா அத்தான் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. நான் சொன்னா வருவேன்னு அவருக்குத் தெரியும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் என்னடா சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'நீயாவது உண்மையைச் சொல்றியேடா. இங்க அவனவன் நாளைக்கு வரேன், நாளைக்கு வரேங்கிறான், ஒருத்தனையும் காணோம்'னாரு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அத்தான் அப்படியே பேசக்கூடியவர்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. "இதை ஏண்டா ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே அக்கா."

கைப்பையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். யாராவது தொட்டாலே சுருங்கிக்கொள்கிறவர், அன்று அந்த அடியை அசையாமல் வாங்கிக்கொண்டார்.

அக்கா கிளம்பும்போது இவரும் மனைவியும் பஸ் நிறுத்தம் வரை கூடவே போனார்கள். பஸ் வந்துவிட்டது. அக்கா ஒரு கால் படியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று, மெழுகத் தயாராக மனைவி ஓரடி முன்னால் வந்து நின்றாள். இவர் சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார், பக்கங்களைப் புரட்டினார், கண்டக்டர் கத்தினார், இவர் பாட்டுக்கு எதையோ எழுதினார், பேனாவை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி. போயிட்டு வரேன் அக்கா."

அந்த ஆளிடம் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று அக்காவுக்குத் தெரியாதா? பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மா முடிவைச் சொன்னார். ஆமாம், ஆட்டிசம்தான். வியாதி இல்லை, மருந்து இல்லை, பிறவியிலேயே மூளை இயங்கும் விதம் என்று விளக்கி, பதினாலு பக்க ரிப்போர்ட் கொடுத்தார். "இப்ப எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். "மேனுவல் இல்லாம ஓட்டின மெஷினுக்கு மேனுவல் கிடைச்சிருக்கு. ஐம்பது வருஷம் முன்னாடியே கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் அவர். மனைவி அந்த ரிப்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இனிமேல் மெழுகவேண்டியதில்லை, பக்க எண்ணைச் சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று நாற்பதுக்கே இருவரும் அக்கா வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"போய் பெல்லை அடிங்களேன்!"

"நாலு மணின்னு சொல்லியிருக்கேன்."

மனைவி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நாலு அடித்ததும் ரோட்டைத் தாண்டினார். பெல்லில் கை படும் முன்பே கதவு திறந்தது.

"இருபது நிமிஷமா வெயில்ல நிக்கிறியே, பைத்தியமாடா உனக்கு?" என்றாள் அக்கா.

"இல்ல அக்கா, ஆட்டிசம். பதினாலு பக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். பிறகு ஏதோ தோன்றி, புருவத்தைச் சுருக்கினார். "இருபது நிமிஷம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா ரிப்போர்ட்டை வாங்கவில்லை. அதை நீட்டிய கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானத்துலேர்ந்து வாசலையேதாண்டா பார்த்துக்கிட்டு இருக்கேன். வரேன்னு சொன்னியே."